ஸ்ரௌவ்வில் பண்ணை வீட்டில் ஓர் ஆளுயர மணிக்கூடு

ரொறன்ரோவைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய ஆங்கிலேய மணிக்கூடுகள் வாங்க எங்கே போகலாம் என்று இரண்டு மூன்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். பண்ணை வீடுகளில் நடக்கும் ஏலங்களுக்குத்தான் போக வேண்டும். நான் அப்படி ஒன்றுக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன், 1996 ஒக்டோபரில், ஒரு சனிக்கிழமை. வெறுங்கையோடு திரும்பினேன். அது பெரிய விஷயமில்லை. அந்தப் பயணத்தை நான் ஏன் ஏற்பாடு செய்தேன் என்பதைச் சொல்லாமல் வழியையும் விலையையும் மட்டும் எழுத எனக்கு வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் அஜின்கோர்ட்டில் ஆறாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். நான், மனைவி, என் மூத்த அண்ணை. அண்ணை 1989இல் கனடாவுக்கு வந்தவர். ஊரில் ஒரு தொழிற்சாலையில் அளவுக்கருவிகள் திருத்தும் பிட்டராக இருந்தவர். இங்கே உலோகப் பட்டறை ஒன்றில் வேலை. அண்ணியையும் மகள் தர்சினியையும் ஸ்பொன்சர் செய்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்தார். அவர் புறப்படும்போது தர்சினிக்கு ஒரு வயது.

மணிக்கூட்டுப் பைத்தியம் அவருக்கு இங்கே வந்துதான் பிடித்தது. 1993 கோடையில் பக்கத்துத் தெருவில் ஒருவர் வீட்டுச் சாமான்களைப் புல்வெளியில் பரப்பி விற்றார். அதில் பன்னிரண்டு டொலருக்கு ஒரு சிறிய மணிக்கூடு. குளிர்காயும் கணப்படுப்பின் மேல்தட்டில் வைப்பதற்காக இங்கிலாந்தில் செய்தது, மகோகனிப் பெட்டி, ஓடவில்லை. நான் அலுவலகத்துக்குப் போகும்போது பிரித்துக்கொண்டிருப்பார், வரும்போதும் பிரித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உள்ளே காட்டினார். சைக்கிள் செயின் மாதிரியே, ஆனால் தையல் நூல் அளவுக்கு மெல்லியதாய் ஒரு சங்கிலி, கூம்பு வடிவமான ஒரு சக்கரத்தில் சுற்றியிருந்தது.

"சுருளுக்கு முறுக்கேத்தின உடனை பலம் கூட, போகப்போகப் பலம் குறையும்," என்றார். "பலம் கூடவா இருக்கேக்கை சங்கிலி கூம்பின்ரை ஒடுங்கின பக்கத்தை இழுக்கும். குறையேக்கை அகண்ட பக்கம். அதாலை மணிக்கூடு முதல் நாளும் எட்டாம் நாளும் ஒரே மாதிரி ஓடும். உந்தச் சங்கிலியின்ரை ஒவ்வொரு கண்ணியையும் கையாலை அறைஞ்சிருக்கிறாங்கள். பொம்பிளையளும் பிள்ளையளும் செய்த வேலையாம்."

அது ஓடத் தொடங்கியபோது அதன் மணியோசையைக் கசெற்றில் பதிந்து ஊருக்கு அனுப்பினார். யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி இல்லாத காலம். கசெற் கொழும்பு வழியாகப் போய், பதில் கசெற் நாலு மாதத்துக்குப் பிறகு வந்தது. அங்கே பற்றரியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில்தான் பாட்டுப்பெட்டி ஓடும். சுற்றுகிறவருக்குக் கை ஓய்ந்தால் ஓசையும் இழுபடும். பதில் கசெற்றில் தர்சினி சொன்னாள்: "அப்பா, உங்கட மணிக்கூட்டுக்கு நித்திரை வருது. பதினொண்டு அடிக்க முதல் படுத்திட்டுது." அண்ணை அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டார்.

1995 முடிவில் விசா சரிவந்தது. கொழும்புக்கு வந்து சேருங்கள் என்று அண்ணை எழுதினார். அந்தக் கடிதத்தோடுதான் அண்ணியும் பிள்ளையும் புறப்பட்டார்கள். கடல்நீரேரியைக் கடக்கும்போது படகு கவிழ்ந்து இருவரும் போய்விட்டார்கள். செய்தி எங்களுக்கு ஜனவரி கடைசியில்தான் வந்தது.

அண்ணை அழுததை நான் பார்க்கவில்லை. வேலைக்குப் போவதை நிறுத்தினார். குசினி யன்னல் ஓரம் ஒரு கதிரை, அதிலேயே இருந்தார். கேட்டால் "ஓம்", "வேண்டாம்". பெப்ரவரியில் ஒருநாள் அந்த மணிக்கூட்டை முழுதாகப் பிரித்து, ஐஸ்கிறீம் வாளி இரண்டில் துண்டு துண்டாகப் போட்டு மூடிவைத்தார். டொக்டர் குளிசை தந்தார். கோயிலுக்குக் கூட்டிப்போனோம், வாகனத்தை விட்டு இறங்க மறுத்தார். ஒன்பது மாதம் இப்படிப் போனது. என் மனைவி ஒருநாள் குளியலறைக் கதவின் பூட்டைத் தானே கழற்றி எடுத்துவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அந்த நிலையில்தான் வீட்டு வாசலில் போடும் இலவசப் பத்திரிகையில் விளம்பரத்தைப் பார்த்தேன். ஸ்ரௌவ்வில் என்ற ஊரைத் தாண்டி ஒரு பண்ணை வீடு. நிலம் விற்றாயிற்று, வீட்டுச் சாமான்கள் முழுவதும் ஏலம். பட்டியலின் நடுவில் ஒரு வரி: ஆங்கிலேய ஆளுயர மணிக்கூடு, பழையது, ஓடவில்லை. சின்ன மணிக்கூடு அண்ணையை இரண்டரை வருடம் பிடித்து வைத்திருந்தது. பெரியது ஒன்று வந்தால் என்ன என்று நினைத்தேன். மூழ்குகிறவன் எதைக் கண்டாலும் பிடிப்பான், அன்றைக்கு மூழ்கிக்கொண்டிருந்தது நானும்தான்.

என்னிடம் இருந்த சின்னக் காரில் ஏழடி மணிக்கூடு ஏறாது. ஆட்களுக்கு வீடு மாற்றிக் கொடுக்கும் அன்ரனை, சாமான் ஏற்றும் அவனுடைய வானோடு பிடித்தேன். மன்னார்ப் பெடியன், கதைகாரன். ஒரு நாளுக்கு அறுபது டொலர், பெற்றோல் நான் அடிக்க வேண்டும், பதினைந்து டொலருக்கு அடித்தேன். காலை 7.10க்குப் புறப்பட்டோம். மார்க்கம் றோட்டைப் பிடித்து நேரே வடக்கே போனால் அதுவே 48ஆம் நெடுஞ்சாலை ஆகிவிடும். ஏழாம் நெடுஞ்சாலைச் சந்தியைக் கடந்தபின் இரு பக்கமும் சோள வயல்கள்தான். (இப்போது அந்த வழியில் வயலைத் தேட வேண்டும். எங்கட சனமும் வீடு வாங்கி நிறைந்துவிட்டார்கள்.) ஸ்ரௌவ்வில் சந்தியில் வலப்பக்கம் திரும்பி, ஊரைத் தாண்டி ஒன்பது கிலோமீற்றர், அதில் கடைசி இரண்டு சரளைக்கல் றோட். மொத்தம் 34 கிலோமீற்றர், ஐம்பது நிமிடம்.

அண்ணை முன்சீற்றில் இருந்தார். மேப்பிள் மரங்கள் சிவந்து கிடந்தன.

"அண்ணை, இலையளைப் பாருங்கோவன், என்ன வடிவு," என்றான் அன்ரன்.

அண்ணை "ஓம்" என்றார். பார்க்கவில்லை.

பார்வையிட 8.30 முதல், ஏலம் 10 மணிக்கு. வாசலில் பெயரைக் கொடுத்தால் ஓர் இலக்க அட்டை தருவார்கள், கட்டணம் இல்லை. எனக்கு 114. முற்றத்தில் கலப்பை, பால் வாளி, கட்டில், கதிரை எல்லாம் வரிசையாகப் போட்டிருந்தார்கள். தேவாலயத்துப் பெண்கள் ஒரு மேசையில் கோப்பி ஒரு டொலருக்கும் மாவில் பொதிந்து சுட்ட இறைச்சிப் பை மூன்று டொலருக்கும் விற்றார்கள். மணிக்கூடு வீட்டுக்குள், மாடிப்படியின் அடியில் நின்றது.

அதன் பக்கத்தில் வீட்டுக்காரர் நின்றார். ஹரோல்ட் என்று பெயர், எண்பதை நெருங்கிய வயது, கழுத்து வரை பொத்தான் பூட்டிய சேட். தன் பூட்டன் லங்காஷயரிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது என்றார். பதினொரு வருடத்துக்கு முன் சுவருக்குப் பெயின்ற் அடிக்க நகர்த்தினார்களாம், அன்றோடு நின்றுவிட்டதாம். மனைவி முதியோர் இல்லத்தில். அடுத்த கிழமை இவரும் அங்கே போகிறார். "நான் போகிற அறையில் இதற்கு இடமில்லை," என்றார்.

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஆங்கிலத்தில், தெளிவாக, ஹரோல்ட்டிடம் கேட்டார்: "திறந்து பார்க்கலாமா?"

அவர் ஒரு முழு வசனம் பேசிக் கேட்டு எத்தனை மாதம் என்று நான் அங்கேயே மனதுக்குள் கணக்குப் பார்த்தேன்.

ஆளுயர மணிக்கூட்டைக் கிட்ட நின்று பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அது மூன்று பகுதி. கீழே அடிப்பெட்டி. நடுவில் கதவு வைத்த ஒடுங்கிய உடல், அதற்குள்தான் பெண்டுலமும் இரண்டு ஈயக் குண்டுகளும் தொங்கும். மேலே முகத்தை மூடும் தலைப்பெட்டி, அதை முன்னுக்கு இழுத்தால் அப்படியே கழன்று வரும். இது ஓக் மரம், ஓரங்களில் மகோகனிப் பட்டி. பித்தளை முகம், மூலைகளில் வார்த்து ஒட்டிய இலைவேலை, மணி இலக்கங்கள் வெள்ளி பூசிய வளையத்தில். பிரெஸ்கட் என்று ஊர்ப்பெயர் வாசிக்க முடிந்தது, செய்தவரின் பெயர் தேய்ந்துவிட்டது.

அண்ணை தலைப்பெட்டியைக் கழற்றி என்னிடம் தந்தார். நான் கொண்டுபோன ரோச் லைற்றை வாங்கிப் பக்கத்தால் அடித்தார். "இஞ்சை பார். ரெண்டு தட்டு, நாலு தூண். தட்டுக்கு நடுவிலை ரெண்டு வரிசைச் சக்கரம். ஒண்டு நேரத்துக்கு, மற்றது மணி அடிக்க. இந்தப் பல்லுகளின்ரை நுனியைப் பார், ஒவ்வொண்டா அரத்தாலை உருட்டியிருக்கிறான். இருநூறு வரியத்துக்கு மேலை. தேய்மானம் எவ்வளவு குறைவெண்டு பார்." அவருடைய விரல் சக்கரத்தின் விளிம்பில் மெதுவாகப் போனது. பிறகு உடல் கதவைத் திறந்து உள்ளே கையை விட்டார். பெண்டுலம் அடியில் விழுந்து கிடந்தது. "இதுக்கு ஒரு வருத்தமும் இல்லை, தம்பி. பெண்டுலம் தொங்கிற மெல்லிய உருக்குத் தகடு முறிஞ்சிருக்கு. அவ்வளவுதான்."

எப்படியாவது இதை வாங்கிவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

என் கையில் எழுநூறு டொலர். மணிக்கூடு ஏலத்துக்கு வந்தபோது 11.40. இருநூறில் தொடங்கி நாலு பேர் கேட்டோம், ஐந்நூறில் இரண்டு பேர் நின்றோம். மற்றவர் பச்சை ஜக்கற் போட்ட ஒரு புராதனப் பொருள் வியாபாரி. நான் எழுநூறு சொன்னேன். அவர் கையை இறக்கவே இல்லை. அன்ரன் என் காதுக்குள், "என்னட்டை நூறு இருக்கு அண்ணை, கேளுங்கோ," என்றான். எண்ணூறு கேட்டேன். பிறகு வேறு யாரோ வந்து சேர்ந்து, எனக்குச் சம்பந்தமில்லாத உயரத்தில் அது 1,850க்கு வியாபாரிக்குப் போனது. எல்லாம் மூன்று நிமிடம் இருக்கும்.

அண்ணையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வீட்டுக்குள் போனேன். அவர் படிக்கட்டில் ஹரோல்ட்டோடு இருந்தார். நான் சொல்ல முன்பே, "போயிட்டுதோ?" என்று கேட்டார். தலையாட்டினேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "ஐயாவுக்கு ஒருக்கா மணி அடிச்சுக் கேக்க ஆசையாம். வாங்கினவனைக் கேள், ஓட்டிக் காட்டலாமோ எண்டு."

வியாபாரி மறுக்கவில்லை. ஓடுகிற மணிக்கூடு அவருக்கும் லாபம்தானே. தகட்டுக்குத்தான் வழி வேண்டியிருந்தது. அண்ணை கேட்டது மோட்டார் மெக்கானிக்குகள் இடைவெளி அளக்கிற மெல்லிய இலைத் தகட்டுக் கட்டு. ஹரோல்ட் திருத்த வேலைக் கருவிகள் வைத்திருந்த ஆயுதப்பெட்டியில் ஒன்று இருந்தது, ஆனால் அந்தப் பெட்டி காலையிலேயே விலைப்பட்டுவிட்டது. வாங்கிய பக்கத்துப் பண்ணைக்காரர் தன் ட்ரக்கில் இருந்து பெட்டியை இறக்கி, தகட்டுக் கட்டை எடுத்து நீட்டி, "ஆக மெல்லியதை எடுத்துக்கொள், எனக்கு அது தேவைப்படாது," என்றார்.

தகட்டை அளவுக்கு வெட்டி, ஆணியால் துளை அறைந்து, பழைய தகட்டின் இரண்டு பித்தளை முனைகளையும் கழற்றி இதில் பூட்டினார். சக்கரங்களைத் துடைத்து, ஊசி முனையால் எண்ணெய் தொட்டு வைத்தார். குண்டுகளைக் கொழுவி, பெண்டுலத்தை மாட்டி ஆட்டிவிட்டார். டிக் ஓசை நொண்டியது. ஒரு அடிக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி வேறு. அண்ணை கண்ணை மூடிக் கேட்டார். என் இலக்க அட்டையை வாங்கி நாலாக மடித்து மணிக்கூட்டின் இடதுபக்க அடியில் செருகினார். ஓசை சமனாகியது. ஒரு அடி, ஒரு வினாடி.

பிறகு நிமிடம் காட்டும் பெரிய கம்பியை மெதுவாகச் சுற்றி, ஒவ்வொரு மணிக்கும் நிறுத்தி அடிக்கவிட்டார். முற்றத்தில் இருந்த சனம் ஒவ்வொருவராக உள்ளே வந்து நின்றது. தேவாலயத்துப் பெண்களும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். ஹரோல்ட் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். கம்பி அப்போதைய நேரத்துக்கு வந்து ஒன்று அடித்தபோது அண்ணை என்னைப் பார்த்துச் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். "கேட்டியோ? வெங்கலம் எண்டால் இது வெங்கலம்."

அண்ணை திரும்பிவந்துவிட்டார் என்று நினைத்தேன். மனைவிக்குப் போய் எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்தேன்.

வியாபாரி ஏற்றத் தொடங்கியபோது அண்ணை விடவில்லை, தானே பிரித்துக் கட்டித் தருகிறேன் என்றார். ஒவ்வொரு பகுதியாகக் கழற்றும்போது ஏன் அந்த ஒழுங்கில் கழற்ற வேண்டும் என்று எனக்கு விளக்கிக்கொண்டே போனார். இயந்திரத்தை வெளியே எடுத்துத் திருப்பியபோது, முகத்தின் பின்பக்கப் பித்தளையில் கீறல் எழுத்துகள் தெரிந்தன. திருத்தியவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பெயரையும் வருடத்தையும் ஊசியால் கீறிவிட்டுப் போவது அந்தத் தொழிலில் வழக்கம். ஏழு பெயர் எண்ணினோம்.

"எட்டாவது நீங்கள்தான்," என்று ஹரோல்ட் தோல் துளைக்கும் ஒரு தமர் ஊசியை நீட்டினார். வியாபாரியும் தலையாட்டினார். அண்ணை ஊசியை வாங்கி, இடம் பார்த்துக் குனிந்தார்.

நான் சொன்னேன். நல்லது என்று நினைத்துத்தான் சொன்னேன். "அண்ணை, அண்ணியின்ரை பேரையும் தர்சினியின்ரை பேரையும் சேத்துப் போடுங்கோவன்."

அவருடைய கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. என்ன பார்வை அது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஊசியைப் படிக்கட்டில் வைத்தார். "அவையள் மணிக்கூடு திருத்த வரேல்லை," என்றார். தன் பெயரையும் கீறவில்லை. மிச்சத்தைக் கட்டி முடித்து, ஹரோல்ட்டின் கையைப் பிடித்துவிட்டு, போய் வானில் ஏறினார்.

2.20க்குத் திரும்பினோம். 48இல் ஏறினோம். பிறகு அண்ணை, முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்:

"தம்பி, இனி என்னை இப்பிடி ஒரு இடத்துக்கும் கூட்டிக்கொண்டு வராதை."

"ஏன் அண்ணை? நல்லாத்தானே இருந்தீங்கள்."

"அதுதான். ரெண்டு மணித்தியாலம் நான் அவையளை நினைக்கேல்லை. ஒருக்காக்கூட நினைக்கேல்லை. நீ பேரைச் சொல்லேக்கைதான் ஞாபகம் வந்தது. பிள்ளை திரும்பவும் செத்த மாதிரிக் கிடக்கு," என்றார்.

அன்ரன் வானை ஓரங்கட்டி நிறுத்தினான். இறங்கி, சோள வயல் பக்கம் திரும்பி நின்று சிகரெற் பத்தினான். நான் பின்சீற்றில் இருந்து அண்ணையின் தோளில் கை வைத்தேன். அவர் தட்டிவிடவில்லை. அவருக்கு அது தெரிந்ததா என்பதும் எனக்குத் தெரியாது. ஐந்து நிமிடம் கழித்து அன்ரன் வந்து ஏறினான். வீட்டில் இறக்கிவிட்டபோது அறுபது டொலரில் இருபதைத் திருப்பி என் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை ஐஸ்கிறீம் வாளிகள் இரண்டும் குப்பையோடு போயிருந்தன. நவம்பரில் அண்ணை ஒஷாவாவில் ஒரு கார்ப் பாகத் தொழிற்சாலையில் வேலை எடுத்து, அங்கேயே ஓர் அறையில் தனியாகப் போய் இருந்தார். அது குணமானதன் அடையாளம் என்று சொந்தக்காரர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்களோடு இருந்தால் நான் திரும்பவும் எங்கேயாவது கூட்டிப்போவேன் என்று பயந்திருப்பார். ஓய்வுபெற்றும் அங்கேதான் இருக்கிறார். மாதம் ஒருமுறை போவேன். தேத்தண்ணி போட்டுத் தருவார். கேட்டால் "ஓம்", "வேண்டாம்". நான் அந்த இரண்டு பெயரையும் சொல்லியிருக்காவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று இத்தனை வருடமாக யோசித்துவிட்டேன். ஒருவேளை வீட்டுக்கு வந்த பிறகு தானாக ஞாபகம் வந்திருக்கும், அப்போதும் இதேதான் நடந்திருக்கும். அப்படி நினைத்தால் எனக்குக் கொஞ்சம் நித்திரை வரும், அவருக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை.

இனி, போக நினைப்பவர்களுக்கு. ஏலம் தொடங்க ஒரு மணித்தியாலம் முந்திப் போங்கள், மணிக்கூட்டின் உள்பக்கம் பார்க்க அதுதான் நேரம். ரோச் லைற் கட்டாயம். முகமும் பெட்டியும் ஒன்றுக்கொன்று அளவாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள், வேறு வேறு மணிக்கூட்டுத் துண்டுகளைச் சேர்த்து விற்பதும் உண்டு. ஓடவில்லை என்றால் பயப்படாதீர்கள், முறிந்தது பெரும்பாலும் சின்னத் தகடுதான். மனதில் ஒரு தொகை வைத்துக்கொண்டு போங்கள், வியாபாரிகள் வந்திருந்தால் அது போதாது. துக்கத்தில் இருக்கிற ஒருவரைக் கூட்டிப்போகிறீர்கள் என்றால் எனக்குத் தெரிந்த புத்திமதி ஒன்றும் இல்லை.

வாங்கிவிட்டால் இப்படி ஏற்றுங்கள். முதலில் தலைப்பெட்டியை முன்னுக்கு இழுத்துக் கழற்ற வேண்டும். பிறகு குண்டுகள். இடது எது வலது எது என்று சோக்கால் எழுதுங்கள், இரண்டும் ஒரே பாரமாக இராது. குண்டைக் கழற்றியதும் கயிற்றை ரேப்பால் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் சிக்கிக்கொள்ளும். அதன்பிறகு பெண்டுலத்தை ஒரு கையால் அடியில் தாங்கி, மேலே தூக்கி, பின்னுக்கு எடுங்கள், அவசரப்பட்டால் தகடு முறியும். இயந்திரத்தை அது இருக்கிற பலகையோடு இரண்டு பேர் தூக்குங்கள். கடைசியாகப் பெட்டியை முதுகு கீழே இருக்கும்படி கம்பளியில் கிடத்துங்கள். இதெல்லாம் அன்றைக்கு அந்தப் படிக்கட்டின் அடியில் அண்ணை சொன்ன ஒழுங்கு, நான் ஒன்றும் சேர்க்கவில்லை. அவர் என்னோடு அவ்வளவு நேரம் கதைத்தது அதுதான் கடைசி.